எங்கள் தெருவுக்கும் வந்து தத்துவம் சொல்லுங்கள்

பெங்களூரில் தத்துவம் படித்த தமிழர்களுக்கு: குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் பயின்ற அருட்தந்தையரே, போதகர்களே, அருட்சகோதரிகளே, தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர்களே, எம்.ஏ. பிலாசபி முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட தம்பி தங்கைகளே,



உங்களில் பலர் எங்களுக்கு அக்கம்பக்கம். லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தாமஸ் டவுனிலும் குக் டவுனிலும் கம்மனஹள்ளியிலும் குடியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பார்க்கிறோம். ஹெண்ணூர் சாலையில் காய் வாங்கும்போது பார்க்கிறோம். உடம்பு எப்படி, பையன் என்ன படிக்கிறான், இந்தக் கோடையிலாவது தண்ணீர் ஒழுங்காக வருமா என்று எல்லாம் பேசுகிறோம். ஆனால் உங்கள் இளமையில் வருடக்கணக்காக உட்கார்ந்து படித்த ஒன்றைப் பற்றி மட்டும் நீங்கள் எங்களிடம் வாய் திறந்ததில்லை. பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் தாமஸ் அக்குவினாஸையும் டெக்கார்ட்டையும் கான்ட்டையும் ஆங்கிலத்தில் படித்தீர்கள், ஆங்கிலத்தில் தேர்வெழுதினீர்கள், சிலர் ஆங்கிலத்திலேயே பாடமும் எடுத்தீர்கள். எங்களோடு தமிழில் பேசத் தொடங்கியதும் அத்தனையையும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறீர்கள். எனக்கு இதில் நெடுநாளாக வருத்தம். அதை முதுகுக்குப் பின்னால் பேசாமல் நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தத்துவம் படித்தவன் இல்லை. மாலையில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவன். எனக்குத் தெரிந்த மேலைத் தத்துவம் எல்லாம் தமிழ்ப் புத்தகங்கள் கொடுத்தது. வெ. சாமிநாத சர்மா தமிழாக்கிய பிளேட்டோவும் ரூஸோவும், 1975-இல் க்ரியா வெளியிட்ட எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்’, நார்வேக்காரர் யொஸ்டைன் கார்டெர் எழுதி ஆர். சிவகுமார் மொழிபெயர்த்த ‘சோஃபியின் உலகம்’. இவை இல்லாவிட்டால் அந்தப் பெயர்கள்கூட எனக்குத் தெரிந்திருக்காது. இந்தப் புத்தகங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனாலும் புத்தகத்தால் ஒன்று மட்டும் முடியவில்லை. நான் திருப்பிக் கேட்டால் அது பதில் சொல்வதில்லை.

அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரிய வைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. மகளையே யாரென்று தெரியவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “சார், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அம்மாவுக்குப் பழசு எதுவும் ஞாபகமில்ல. அப்போ உள்ள படுத்திருக்கிறது எங்கம்மாதானா?”

அழுகையை அடக்கிக்கொண்டு கேட்ட கேள்விதான். ஆனாலும் அது கேள்வி. ஆறுதல் சொல்லி மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் ஜான் லாக் என்று ஒருவர் இருந்தார், மருத்துவம் படித்தவர், 300 வருஷத்துக்கு முன்பே இதை யோசித்து எழுதியிருக்கிறார் என்று ஆரம்பித்தேன். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உடம்பை வைத்துச் சொல்ல முடியாது, அது மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்று செய்ததை இன்று என்னுடையது என்று உணர்கிறேனே, அந்த நினைவுதான் என்னை ஒரே ஆளாக வைத்திருக்கிறது என்பது லாக்கின் வாதம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அந்த மனுஷர் இப்படி ஒருத்தரப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டதில்ல போல. அம்மாவுக்கு என் பேர் தெரியாது, நான் யாருன்னு தெரியாது. ஆனா சோறு ஊட்டினா, மொத வாயை என் பக்கம்தான் தள்ளுறாங்க. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ செஞ்ச மாதிரியே.”

படித்தவர்களே, இது லாக்குக்குச் சொல்லப்பட்ட மறுப்பு. நினைவு அழிந்த பிறகும் ஒரு மனுஷியின் பழக்கமும் பாசமும் மிஞ்சி நிற்கலாம் என்றால், ஆளை ஆளாக்குவது நினைவு மட்டும்தானா? தாமஸ் ரீட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1785-இல் லாக்கை வேறொரு பக்கமிருந்து மடக்கினார். சிறு வயதில் பழம் திருடி அடி வாங்கிய பையன், பிறகு போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றிய இளம் அதிகாரி, முதுமையில் தளபதி. அதிகாரிக்கு அடி வாங்கியது ஞாபகமிருக்கிறது. தளபதிக்குக் கொடி பிடித்தது ஞாபகமிருக்கிறது, அடி வாங்கியது மறந்துவிட்டது. லாக் சொல்வதை வைத்துப் பார்த்தால் பையனும் அதிகாரியும் ஒரே ஆள், அதிகாரியும் தளபதியும் ஒரே ஆள், ஆனால் பையனும் தளபதியும் வேறு வேறு ஆட்கள் என்றாகிவிடுகிறது. இதையும் அக்காவுக்குச் சொன்னேன். “ஆமா, அது எப்படி?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பின் லாக்கின் பக்கத்தினர் என்ன பதில் சொன்னார்கள், வாதம் இன்று எங்கே நிற்கிறது என்று கேட்டார். என் கையிருப்பு அதோடு தீர்ந்துவிட்டது. உங்களில் ஒருவர் அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தால் பேச்சு அங்கே நின்றிருக்காது. ரீட்டும் உங்களில் சிலரைப் போலப் போதகராக இருந்தவர்தான். பேராசிரியர் ஆவதற்கு முன் ஒரு கிராமத்துச் சபையில் பல வருடம் ஊழியம் செய்தார்.

சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் ஏறாது என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடு சொல்கிறீர்கள் என்பதும் தெரியும். ஆனால் அது உண்மை இல்லை. 1956-இல் வந்த ‘ராஜா ராணி’ படத்தில் கலைஞர் வசனத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக நின்று பேசியதைத் தமிழ்நாடே கேட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த நாடகத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். அதற்கும் வெகு காலம் முன்பு, 1882 முதல் 1888 வரை, சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்று ஒரு தமிழ் வார இதழே நடத்தி, ஐரோப்பாவின் சுதந்திர சிந்தனையைத் தமிழில் வாதிட்டார்கள். பெரியாரின் ‘குடியரசு’ 1931-இல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. அவற்றைப் படித்தவர்கள், படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் எல்லாரும் பட்டதாரிகளா? அமெரிக்காவில் வில் டியூரன்ட்டின் ‘தத்துவத்தின் கதை’ 1926-இல் பெரும் புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்பதற்கு முன், அதன் பகுதிகள் ஐந்து சென்ட் விலையில் சிறு சிறு வெளியீடுகளாக வந்தன. தொழிலாளர்கள் அதை வாங்கிப் படித்தார்கள். நம்மவர்களுக்கு மட்டும் எப்படி ஏறாமல் போகும்?

கேள்வி கேட்கப் பட்டம் வேண்டியதில்லை என்பதற்கு உங்கள் பாடத்திட்டத்திலேயே ஆள் இருக்கிறார். 1643-இல் 24 வயது எலிசபெத் டெக்கார்ட்டுக்குக் கடிதம் எழுதினார். நாடிழந்து அகதியாக வாழ்ந்த அரச குடும்பத்துப் பெண். ஆன்மாவுக்கு எடையில்லை, நீள அகலமில்லை, தொட முடியாது என்கிறீர்கள். அப்படியென்றால் அது உடம்பை எப்படி அசைக்கிறது என்று கேட்டார். டெக்கார்ட் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எலிசபெத் விடவில்லை. அதே கேள்வியை எங்கள் டியூஷனில் ஏழாவது படிக்கும் பெண் பேயைப் பற்றிக் கேட்டாள். சுவருக்குள் புகுந்து போகிற பேய் கழுத்தை மட்டும் எப்படிப் பிடிக்கும் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு எலிசபெத்தைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டும்.

நமக்கே சித்தர்களும் சைவ சித்தாந்தமும் வள்ளுவரும் இருக்கும்போது அந்நியச் சரக்கு எதற்கு என்பது உங்களில் இன்னும் சிலர் வைக்கும் தடை. மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். 27-ஆம் காதையில் அந்த இளம்பெண் வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போகிறாள். அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசையாக, உங்கள் கொள்கை என்ன சொல்லுங்கள் என்று கேட்கிறாள். இவன் நம்மவனா வெளியாளா என்று அவள் யாரையும் தள்ளவில்லை. எல்லாரையும் கேட்ட பிறகே தன் வழியைத் தேர்ந்துகொண்டாள். கேட்டுவிட்டுத் தேர்வதுதான் தமிழ் மரபு என்றால், அந்த வரிசையில் ஸ்பினோசாவும் ஹியூமும் வந்து நிற்பதில் என்ன குறைந்துவிடும்?

அந்நியம் என்றே சொல்ல முடியாத அளவுக்கு மேலைத் தத்துவம் நம்மோடு கலந்தும் போயிருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தே நொபிலி, நம் மக்கள் தத்துவ போதகர் என்று அழைத்தவர், அரிஸ்டாட்டில் வழி அக்குவினாஸ் வளர்த்த ஆன்மா பற்றிய வாதங்களை ‘ஆத்தும நிர்ணயம்’ என்று தமிழ் உரைநடையில் எழுதினார். அருட்தந்தையரே, இது உங்கள் சொந்தப் பாட்டன் வீட்டுச் சொத்து. நானூறு வருடத்துக்கு முன் ஓர் இத்தாலியர் தமிழ் கற்றுக்கொண்டு செய்ததை, தமிழைத் தாய்ப்பாலோடு குடித்த நீங்கள் ஏன் செய்யக்கூடாது? அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டூயியிடம் படித்தார். ஜனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டும் இல்லை, மனிதர்கள் கூடி வாழும் முறை என்ற டூயியின் சிந்தனையை எடுத்து, 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் நம் ஊர் நோயின்மேல் வைத்துப் பார்த்தார். எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அம்பேத்கர் படம் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் டூயியின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும் என்ற அச்சமும் உங்களில் சிலருக்கு இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் எத்தனையோ குடும்பங்களை இன்று நிறுத்தி வைத்திருப்பது விசுவாசம்தான். ஆனால் அறிவொளி என்றால் என்ன என்ற புகழ்பெற்ற கேள்வியை 1783-இல் பெர்லின் பத்திரிகையில் எழுப்பியவரே ஒரு போதகர், சோல்னர் என்று பெயர். அதற்குத்தான் அடுத்த வருடம் கான்ட் பதில் எழுதினார். எனக்காகப் புத்தகம் யோசிக்கும், எனக்காகப் போதகர் மனச்சாட்சியாக இருப்பார், எனக்காக மருத்துவர் பத்தியம் தீர்மானிப்பார் என்று எல்லாவற்றையும் பிறரிடம் விட்டுவிட்டால் மனிதன் வளரவே மாட்டான் என்பது அவர் சொன்னதன் சாரம். இதை எங்களுக்குச் சொல்லத் தகுதியானவர் ஒரு போதகரே. வெளியாள் சொன்னால் சண்டையாகிவிடும். நீங்கள் சொன்னால் யோசிப்பார்கள். குருத்துவத்துக்குப் படிக்கிறவர்கள் இறையியலுக்கு முன் தத்துவம் படித்தாக வேண்டும் என்று உங்கள் திருச்சபையே விதித்திருக்கிறது. உங்கள் விசுவாசத்தைக் கெடுக்காதது எங்களுடையதை மட்டும் ஏன் கெடுக்க வேண்டும்?

இந்த ஊருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த தமிழவன் 1982-இல் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ என்ற நூலைக் கொண்டுவந்தபோது, சசூரையும் லெவி ஸ்ட்ராஸையும் பற்றிய பேச்சு தமிழ் இலக்கிய உலகம் முழுக்கப் பரவியது. அவரும் நண்பர்களும் நடத்திய ‘படிகள்’ என்ற சிற்றிதழும் இங்கிருந்துதான் வந்தது. சென்னைக்கும் மதுரைக்கும் பெங்களூர் சொல்லிக்கொடுத்த காலம் அது. ஆனால் அந்தப் பேச்சு சிற்றிதழ் வாசகர்களோடு நின்றது. எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

இன்று எழுதினாலும் வராது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழில் கடைப் பலகைகூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் என்பது காதால் கேட்கிற மொழி. பாட்டியோடு பேச, சண்டை போட, சாப்பாடு கேட்க உதவும் மொழி. கனமான எதையும் யோசிக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டும் என்று பத்து வயதிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு வலிக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் புத்தகத்தை நீட்டிப் பயனில்லை. வாயால் பேசினால் கேட்பார்கள். சாக்ரடீஸும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, சந்தையில் நின்று பேசினார். லிங்கராஜபுரத்துக்கு ஏற்ற தத்துவ ஆசிரியர் அவர்தான். கன்னடமும் ஆங்கிலமும் கலந்த தமிழில் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். சொல்லட்டும். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

எப்படிச் சொல்வது என்பதிலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாலீஸில் தொடங்கித் தெரிதா வரை பெயரும் ஆண்டும் ஒப்பிக்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் அந்த மாதிரிப் பாடத்தைப் பள்ளியிலேயே வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார்கள். ஒரு மாலைக்கு ஒரே ஒரு கேள்வி போதும். அந்தத் தத்துவவாதி எந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டார், யார் அவரை மறுத்தார்கள், மறுத்தவர் எங்கே தடுமாறினார் என்று சொல்லுங்கள். 23 வயதில் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்திலிருந்து 1656-இல் தள்ளி வைக்கப்பட்ட ஸ்பினோசா, கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்துக்கொண்டே எழுதினார் என்று சொன்னால், ஊர்விலக்கு என்றால் என்னவென்று தாத்தா வாயால் கேட்டிருக்கும் எங்கள் ஜனங்கள் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அவர்களுடைய குறைகளையும் மறைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் வாதிட்டதை எங்களுக்குச் சொல்லுங்கள். கறுப்பர்கள் தாழ்ந்தவர்கள் என்று தோன்றுவதாக ஹியூம் ஓர் அடிக்குறிப்பில் எழுதியதையும், ஜேம்ஸ் பீட்டி என்ற சக ஸ்காட்லாந்துக்காரர் 1770-இல் அதைக் கண்டித்து வாதிட்டதையும் சொல்லுங்கள். பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் வாதம் எந்தக் குரலில் வரும் என்று எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் உண்டு. உலகின் பெரிய மூளைகளும் அந்த இடத்தில் வழுக்கியிருக்கின்றன என்றும், அவர்களை அவர்களது தர்க்கத்தைக் கொண்டே மடக்க முடியும் என்றும் தெரிந்தால், எங்கள் பையன்கள் யாருக்கு முன்னாலும் தலை குனிய மாட்டார்கள்.

கார்மென்ட்ஸுக்குப் போகும் பெண்களை மறந்துவிடாதீர்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்து, பாத்ரூம் போய் வந்தாலும் கணக்குப் பார்க்கும் இடத்திலிருந்து வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சிமோன் வெயிலைப் பற்றிச் சொல்லுங்கள். வெயில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியை. வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, 1934-35-இல் பாரிஸ் பக்கத் தொழிற்சாலைகளில், ரெனோ உட்பட, சாதாரணத் தொழிலாளியாக நின்றார். எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரம் மனிதனின் யோசிக்கும் சக்தியையே எப்படிப் பிடுங்கிக்கொள்கிறது என்று அங்கிருந்தபடியே எழுதினார். இதைக் கேட்டதும் ஒரு தங்கை என்னிடம், “அவங்களுக்கும் சூப்பர்வைசர் கத்துவாரா?” என்றாள். வெயிலைப் பற்றி உங்களில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர்கள் இருப்பீர்கள். அந்தத் தங்கை உங்களுக்குச் சொல்லவும் நிறைய வைத்திருக்கிறாள்.

இனி நான் கேட்பது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை லிங்கராஜபுரத்துக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு மாதம் என்று பிரித்துக்கொண்டால் உங்கள் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒரு நாள்தான் வரும். அரை மணி நேரம் நீங்கள் பேசுங்கள், மீதி நேரம் நாங்கள் கேட்கிறோம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், சால்வை வேண்டாம். எங்கள் மாடி இருக்கிறது. மழை வந்தால் உங்கள் ஆலயக் கூடத்தை ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள்.

முதல் மாலைக்குப் பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. யூதிஃப்ரோ வீட்டுக் கூலியாள் ஒருவன் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிடுகிறான். யூதிஃப்ரோவின் அப்பா அவனைக் கை கால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று கேட்டு வர ஆள் அனுப்புகிறார். ஆள் திரும்புவதற்குள் அவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போகிறான். மகன் சொந்த அப்பாமேல் கொலை வழக்குப் போடப் போகிறான், அதுதான் தெய்வத்துக்கு உகந்தது என்கிறான். நீதிமன்ற வாசலில் அவனைச் சந்திக்கும் சாக்ரடீஸ், தெய்வம் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வம் விரும்புகிறதா என்று கேட்கிறார். வேலைக்காரனுக்காக அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்று எங்கள் பெரியவர்கள் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமும் பிரிந்து நிற்பார்கள், அது நிச்சயம். நீங்கள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும், ஏன், எதனால் என்று கேட்டால் போதும்.

உங்களில் யாருக்கு எந்த மாதம் தோது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். யார் முதலில் வருகிறீர்கள் என்பதை மட்டும் வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பாய் விரிப்பது, டீ போடுவது, வீடு வீடாகப் போய் அழைப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
லிங்கராஜபுரத்து டியூஷன் வாத்தியார்